பல் இல்லாத மலை ரயில்

மேட்டுப்பாளையத்தில் காலையில் ஏறி ஊட்டி ரயிலில் போனவர்களுக்கு ஓர் இடம் நினைவிருக்கும். கல்லாறு வந்ததும் ரயில் நின்றுவிடுமோ என்கிற அளவுக்கு வேகம் குறையும். அடியில் எங்கோ 'கடக்' என்று ஒரு சத்தம். அப்புறம் என்ஜின் வேறு குரலில் மூச்சுவிட ஆரம்பிக்கும். தண்டவாளங்களுக்கு நடுவே பதித்த பல்வரிசையில் என்ஜினின் பல்சக்கரம் கோத்துக்கொள்கிற இடம் அது. அங்கிருந்து குன்னூர் வரை அந்தப் பற்கள்தான் ரயிலைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கின்றன.

மலை ரயில் என்றாலே பல் இருக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு டார்ஜிலிங் போகிறவர் ஏமாந்துபோவார். குனிந்து தேடினாலும் அங்கே பல்வரிசை கிடையாது. இரண்டு தண்டவாளம், நடுவில் இரண்டடி இடைவெளி, அவ்வளவுதான். ஆனால் அந்த ரயில் ஏறுகிற உயரம் ஊட்டியைவிடக் கொஞ்சம் அதிகம். உதகமண்டலம் நிலையம் இருப்பது 2,203 மீட்டரில். டார்ஜிலிங்குக்குச் சற்று முன்னால் வருகிற கூம் நிலையம் 2,258 மீட்டரில். வங்காளச் சமவெளியில் கிட்டத்தட்டக் கடல் மட்டத்திலிருந்து கிளம்புகிற ரயில், 1881 முதல், வெறும் சக்கரத்தை மட்டும் நம்பி அவ்வளவு உயரம் ஏறிக்கொண்டிருக்கிறது.

பல் இல்லாதவர் முறுக்கைக் காபியில் நனைத்துத் தின்பதுபோல, இந்த ரயிலும் சில உபாயங்கள் வைத்திருக்கிறது. இன்று சுற்றுலாப் பயணிகள் வாய்பிளந்து படம் எடுக்கிற வளையம், பின்னோக்கிப் போவது, கடைத்தெருவுக்குள் புகுந்து வருவது எல்லாம் அந்த உபாயங்கள்தான். அழகுக்காக எதையும் யாரும் செய்யவில்லை. காசு மிச்சம் பிடிக்கச் செய்தார்கள்.

முதலில் சிக்கல் என்ன என்று பார்த்துவிடலாம். இரும்பின் மேல் இரும்பு வழுக்கும். சமதரையில் அது வரம். ஒரு டன் சரக்கை மண்சாலையில் இழுக்க ஒரு ஜோடி மாடு திணறும். தண்டவாளத்தில் அதே ஒரு டன்னைச் சில கிலோ விசையே நகர்த்திவிடும். மலையில் அதே வழுக்கல் எதிரியாகிவிடுகிறது. என்ஜினில் எவ்வளவு நீராவி இருந்தாலும் சரி, சக்கரம் தண்டவாளத்தைப் பற்றுகிற பிடிக்கு மேல் ஒரு கிலோகூட இழுக்க முடியாது. காய்ந்த தண்டவாளத்தில் இந்தப் பிடி, சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. மழையில் நனைந்தால் பத்தில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும்.

இதை வைத்து ஒரு குத்துமதிப்புக் கணக்குப் போடலாம். டார்ஜிலிங்கின் பழைய நீராவி என்ஜின் சுமார் 15 டன். நாலே சக்கரம், மொத்த எடையும் அவற்றின் மேல்தான். காய்ந்த நாளில் அதன் பிடி 3 டன். சுக்னாவில் மலை ஆரம்பிக்கிறது. அங்கிருந்து கூம் வரை ஏறக்குறைய 60 கி.மீ. தூரத்தில் 2,000 மீட்டருக்குச் சற்று அதிகமான ஏற்றம். சராசரியாக 30 மீட்டர் ஓடினால் ஒரு மீட்டர் ஏறுகிறது. அந்தச் சரிவில் ஒவ்வொரு டன்னையும் மேலே இழுக்க 33 கிலோ விசை வேண்டும். வளைவுகளில் சக்கரம் உரசுவதையும் சேர்த்தால் 45 முதல் 50 கிலோ. என்ஜின் தன்னையே சுமந்துகொண்டு ஏற வேண்டும் என்பதைக் கழித்தால், காய்ந்த நாளில் 45, 50 டன் இழுக்கலாம். மழை நாளில் இருபது டன்னை இழுப்பதற்குள் நாக்குத் தள்ளிவிடும். டார்ஜிலிங் மலையில் மழை நாள்தான் அதிகம். அந்த ரயிலில் ஏன் மூன்று நாலு பெட்டிக்கு மேல் இருப்பதில்லை என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

ஊட்டிப் பாதையின் கடும் சரிவு 12 மீட்டருக்கு ஒரு மீட்டர். ஒரு டன்னுக்கு 80 கிலோவுக்கு மேல் விசை கேட்கிறது. நனைந்த தண்டவாளத்தில் ஒரு டன் எடைக்குக் கிடைக்கிற பிடியோ 100 கிலோ. அதாவது என்ஜின் தட்டுத்தடுமாறித் தன்னை மட்டும் மேலே கொண்டுபோகலாம். பின்னால் ஆட்களை ஏற்ற முடியாது. அங்கே பல் கட்டாயம். ஸ்விட்சர்லாந்தின் ரோமன் ஆப்ட் கண்டுபிடித்த பல்வரிசையும், அதே நாட்டின் விண்டர்தூர் நகரத் தொழிற்சாலையில் செய்த தனி ரக என்ஜின்களும் நீலகிரிக்கு வந்தது இதனால்தான்.

சரி, டார்ஜிலிங்கில் சரிவு ஏன் அவ்வளவு குறைவு? மலை அங்கே சாதுவானது என்பதாலா? இல்லை. அங்கே ரயிலுக்கு முன்பே ஒரு சாலை இருந்தது.

டார்ஜிலிங் 1835-ல் சிக்கிம் மன்னரிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்தது. வெயில் தாங்காத வெள்ளைக்காரர்களுக்கு ஓர் ஆரோக்கியத் தலம் வேண்டும் என்பதுதான் முதல் நோக்கம். பிறகு தேயிலை வந்தது. தேயிலை வந்தால் சரக்கு இறங்க வேண்டும், அரிசி ஏற வேண்டும். 1860-களில் சிலிகுரியிலிருந்து மலைமேல் ஒரு வண்டிப் பாதை போட்டார்கள். ஹில் கார்ட் ரோடு என்று அதற்குப் பேர். மாட்டு வண்டிக்காகப் போட்ட சாலை. மாடு இழுக்கக்கூடிய சரிவுக்கு மேல் அந்தச் சாலை போக முடியாது. அதனால் மலையைச் சுற்றிச் சுற்றி, நிதானமாக ஏறியது.

1878-ல் கல்கத்தா பக்கமிருந்து ரயில் சிலிகுரி வரை வந்துவிட்டது. அங்கிருந்து மேலே குதிரை வண்டியும் மாட்டு வண்டியும்தான். அந்த ஆண்டுக் கணக்கு ஒன்று இருக்கிறது: சிலிகுரியில் டன் 98 ரூபாய்க்கு விற்ற அரிசி டார்ஜிலிங்கில் 238 ரூபாய். நடுவில் இருக்கிற 140 ரூபாயும் வண்டிக்கூலியும் வழிச்செலவும்தான். இதைக் கவனித்தவர் கிழக்கு வங்காள ரயில்வேயின் ஏஜென்ட்டாக, அதாவது நிர்வாகியாக இருந்த பிராங்க்ளின் பிரெஸ்டேஜ். அவர் கேட்டது எளிமையான கேள்வி. சாலைதான் இருக்கிறதே, அதன் ஓரத்திலேயே தண்டவாளத்தைப் போட்டுவிட்டால் என்ன? நிலம் வாங்க வேண்டாம், மலையைப் புதிதாக வெட்ட வேண்டாம். ரயில் என்றுகூட அவர் சொல்லவில்லை. நீராவி டிராம் என்றுதான் சொன்னார். அன்றைய வங்காளத் துணைநிலை ஆளுநர் ஆஷ்லி ஈடன் ஒப்புக்கொண்டார். 1879-ல் வேலை தொடங்கியது. 1880 ஆகஸ்டில் வழியிலிருக்கிற குர்சியாங் ஊர் வரை ரயில் போனது. 1881 ஜூலை 4-ல் டார்ஜிலிங் வந்துவிட்டது. அதே வருடம் செப்டம்பரில் 'டிராம்' என்ற பேரை உதறிவிட்டு, டார்ஜிலிங் ஹிமாலயன் ரயில்வே கம்பெனி என்று கம்பீரமாகப் பேர் மாற்றிக்கொண்டார்கள்.

யோசனையிலிருந்து ஓட்டம் வரை மூன்றே வருடம். இதோடு நீலகிரியின் கதையைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே மலைக்கு ரயில் விடும் யோசனை 1854-லேயே வந்துவிட்டது. 1885-ல் ஒரு கம்பெனி தொடங்கி, 1891-ல் மண்வெட்டியைத் தொட்டு, 1894-ல் திவாலாகிக் கடையைக் கட்டியது. 1896-ல் வந்த இன்னொரு கம்பெனிதான் 1899-ல் குன்னூர் வரை ரயில் விட்டது. ஊட்டிக்கு 1908 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சொந்தமாகப் பாதை வெட்டி, பல்வரிசை பதித்து, 16 சுரங்கம் குடைந்து ஏறினால் ஆகிற செலவும் காலமும் இது. டார்ஜிலிங் பாதையில் சுரங்கம் எத்தனை தெரியுமா? ஒன்றுகூடக் கிடையாது. 1903-ல் திறந்த கால்கா–சிம்லா பாதையில் நூற்றுக்கும் மேல். அடுத்தவர் போட்ட சாலையில் ஒண்டுக் குடித்தனம் போகிறவர் எதற்குச் சுவரை இடிக்க வேண்டும்?

ஒண்டிக்கொள்வதென்றால் உடம்பைக் குறுக்கிக்கொள்ளத்தான் வேண்டும். தண்டவாள இடைவெளி இரண்டடி, அதாவது 610 மி.மீ. என்று முடிவானது இதனால்தான். வேல்ஸில் ஃபெஸ்டினியாக் என்ற பாதையில் கிட்டத்தட்ட இதே இரண்டடி அகலத்தில் கற்பலகை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார்கள். அங்கே 1863-லிருந்தே நீராவி என்ஜின் ஓடியது. இவ்வளவு சின்ன ரயிலும் நிஜமான ரயிலின் வேலையைச் செய்யும் என்பதற்கு அது கண்ணெதிரே இருந்த சாட்சி.

இந்த இடத்தில் ஒரு சின்ன விளக்கம். ஊட்டிப் பாதை மீட்டர் கேஜ், ஆயிரம் மி.மீ. நம் ரயில்வேக்காரர்கள் அதை நேரோ கேஜ் என்று சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கால்கா–சிம்லாவின் 762 மி.மீ., டார்ஜிலிங்கின் 610 மி.மீ. இரண்டுக்கும்தான் அந்தப் பேர். வெளிநாட்டில் 1,435 மி.மீ.க்குக் கீழே இருக்கிற எல்லாமே நேரோ கேஜ்தான். இதை வைத்து இணையத்தில் நடக்கிற சண்டைகளில் இரண்டு பக்கமும் சரி.

அகலம் குறைந்தால் என்ன லாபம்? இடம் மிச்சம் என்பது ஒன்று. அதைவிடப் பெரிய லாபம் வளைவில் இருக்கிறது. ரயிலின் இரு பக்கச் சக்கரங்களும் ஒரே அச்சில் இறுக்கிப் பூட்டியவை. காரைப்போல வெளிச்சக்கரம் வேகமாகவும் உள்சக்கரம் மெதுவாகவும் சுற்ற முடியாது. ஆனால் வளைவில் வெளித் தண்டவாளம் உள்ளதைவிட நீளம். ஒரு முழு வட்டம் அடித்தால் இந்த வித்தியாசம் நம் பெரிய ரயில் பாதையான பிராட் கேஜில் பத்தரை மீட்டர். இரண்டடிப் பாதையில் நாலு மீட்டருக்கும் கீழே. அந்த வித்தியாசத்தைச் சக்கரம் தேய்த்துத்தான் ஈடுகட்ட வேண்டும். தேய்மானம் குறைந்தால் வளைவை இன்னும் இறுக்கலாம். அப்போதுதான் மாட்டு வண்டி திரும்புகிற வளைவில் ரயிலும் திரும்பும். வழியில் திந்தாரியா என்ற ஊருக்கு மேலே இருக்கிற ஒரு வளைவின் ஆரம் ஏறத்தாழ 18 மீட்டர்தான். ஊர்ப் பள்ளிக்கூட மைதானத்துக்குள் ஒரு ரயில் முழு வட்டம் அடிப்பதைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அந்த இடத்துக்கு அகனி பாயிண்ட் என்று பேர். வேதனை முனை என்று தமிழில் சொல்லலாம். வேதனை யாருக்கு என்று எழுதி வைக்கவில்லை, ஓட்டுநருக்காகத்தான் இருக்கும்.

ஆனால் சாலையை அப்படியே பின்தொடர்வதிலும் சிக்கல் வந்தது. மாடு மூச்சு வாங்கிக்கொண்டு ஏறிவிடுகிற சில செங்குத்தான இடங்களில் என்ஜின் வழுக்கியது. சாலையை மாற்ற முடியாது. மலையையும் மாற்ற முடியாது. பாதையின் நீளத்தைக் கூட்டினால் சரிவு குறையும். அதே உயரத்தை அதிக தூரம் ஓடி ஏறினால் போதும். இடம் இருக்கிற இடத்தில் அதற்கு வளையம். ரயில் ஒரு முழு வட்டம் சுற்றி, தான் வந்த தண்டவாளத்துக்கு மேலேயே ஒரு சின்னப் பாலத்தில் கடந்து போகும். மலைச்சரிவில் பாம்பு சுருண்டு தன் வாலின் மேல் தலை வைத்த மாதிரி. முன்பு ஐந்து வளையம் இருந்தது. 1942 வெள்ளத்தில் ஒன்று போயிற்று. 1991 வெள்ளத்தில் இன்னொன்று. இப்போது மிச்சம் மூன்று: சுன்பட்டி, அகனி பாயிண்ட், கூமுக்கும் டார்ஜிலிங்குக்கும் நடுவே 1919-ல் போட்ட பதாசியா.

வட்டம் போட இடமே இல்லாத இடத்தில் என்ன செய்வது? அதற்குத்தான் ரிவர்ஸ். ரயில் முன்னால் ஏறிப்போய் ஒரு முட்டுச்சந்தில் நிற்கும். ஒருவர் இறங்கிப் போய், தண்டவாளம் பிரிகிற இடத்தில் வழியைத் திருப்பிவிடுகிற பாயிண்ட்டை மாற்றுவார். ரயில் பின்பக்கமாகவே அடுத்த படிக்கு ஏறும். அங்கேயும் முட்டும். மறுபடி பாயிண்ட் மாற்றி, இந்த முறை முன்பக்கமாக ஏறும். மேலிருந்து பார்த்தால் ஆங்கில இசட் எழுத்து. குறுகலான கொண்டை ஊசி வளைவில் நீளமான லாரி ஒரே மூச்சில் திரும்ப முடியாமல் முன்னே போய், பின்னே வந்து, மறுபடி முன்னே போவதைப் பார்த்திருப்பீர்களே, ஏறக்குறைய அதே வேலை. இப்படி ஆறு ரிவர்ஸ் இருக்கின்றன. அதில் ஒன்று, 1942-ல் போன வளையத்துக்குப் பதிலாக வந்தது.

இந்த ரிவர்ஸுக்கு ஒரு குடும்பக் கதை சொல்வார்கள். பாதை போட்டவர் மலையில் ஓரிடத்தில் மாட்டிக்கொண்டு வீட்டில் புலம்பினாராம். அவர் மனைவி, முன்னால் போக முடியாவிட்டால் கொஞ்சம் பின்னால் வந்து பாருங்களேன் என்றாராம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு நம்பிக்கை இல்லை. பம்பாயிலிருந்து புனே ஏறுகிற போர் காட் பாதையில் ரயில் திசை மாற்றி ஏறுகிற நிலையம் 1863-லிருந்தே இருந்தது. இந்தியாவில் மலைப்பாதை போடுகிற பொறியாளருக்கு அது தெரியாமல் இருந்திருக்காது. அந்த அம்மாள் சொல்லியிருக்கலாம். கணவருக்குப் புதிதாக இருந்திருக்காது.

வளையமும் ரிவர்ஸும் சேர்ந்து சரிவைக் குறைத்தாலும் மழை மழைதான். அதற்கான உபாயம் மணல். நீராவி என்ஜினின் முன்பக்கத்தில், இரண்டு ஓரங்களிலும், இரண்டு ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். சக்கரம் வழுக்கத் தொடங்கினால் கையிலிருக்கும் மணலைத் தண்டவாளத்தில் தூவுவார்கள். கோலப்பொடி விடுவதுபோல அளவாக, சக்கரத்துக்குச் சற்று முன்னால் விழ வேண்டும். கூட விழுந்தால் மணல் வீண். குறைந்தால் சக்கரம் நின்ற இடத்தில் சுற்றும். என்ஜின் மேல் கரிக் குவியலில் இன்னொருவர் உட்கார்ந்து கட்டிகளை உடைத்துக் கொடுப்பார். பெரிய ரயிலில் பின்னால் தனிப் பெட்டியில் வருகிற கரியை இங்கே என்ஜினே முதுகில் சுமக்கிறது. இதுவும் பிடிக்காகத்தான், சக்கரத்தின் மேல் எடை கூடினால் பிடி கூடும். ஓட்டுநர், கரி அள்ளிப் போடுபவர், உடைப்பவர், மணல்காரர் இருவர் என்று ஒரு குட்டி என்ஜினுக்கு ஐந்து பேர். ஊட்டி ரயிலில் பெட்டிக்கு ஒருவர் பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியும் வைத்துக்கொண்டு பிரேக்கோடு நிற்பது நமக்குத் தெரியும். என்ஜின் பின்னாலிருந்து தள்ளுவதால் ஓட்டுநருக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாது, கொடிதான் கண். இரண்டு ரயிலிலும் இயந்திரம் விட்ட இடைவெளியை ஆள் நிரப்புகிறார்.

டார்ஜிலிங்கின் இந்த நாலு சக்கர என்ஜின்களை பி வகுப்பு என்பார்கள். 1889-லிருந்து 1925 வரை மொத்தம் 34 வந்தன. பெரும்பாலும் பிரிட்டனில் செய்தவை, சில அமெரிக்காவில், மூன்று மட்டும் பாதையின் சொந்தப் பட்டறையான திந்தாரியாவில். நூறு வயது தாண்டிய பிறகும் அதே ரகம்தான் நீராவிப் பயணத்துக்கு ஓடுகிறது. உதிரிபாகம் எங்கேயும் விலைக்குக் கிடைக்காது. பட்டறையில் செய்துகொள்ள வேண்டியதுதான். நீலகிரியில் இது இன்னும் ஒரு படி மேலே போய்விட்டது. 2011-லிருந்து திருச்சி பொன்மலைப் பணிமனையில் பழைய வடிவத்திலேயே புத்தம்புது நீராவி என்ஜின்களைச் செய்து மலைக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

ஒண்டுக் குடித்தனத்துக்குத் திரும்புவோம். ஆரம்பத்தில் வீட்டுக்காரருக்கும் குடித்தனக்காரருக்கும் ஒத்துப்போயிற்று. சாலையில் மாட்டு வண்டி குறைந்தது, ரயில் கொழித்தது. 1909–10 ஆண்டில் 1,74,000 பயணிகளும் 47,000 டன் சரக்கும் இந்த இரண்டடிப் பாதையில் போய்வந்தார்கள். இன்று 'பொம்மை ரயில்' என்று கொஞ்சுகிறவர்கள் இந்த எண்ணைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். அரிசி, இயந்திரம், தபால், தேயிலை, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள், கவர்னர், எல்லாரும் எல்லாமும் இதில்தான். 1896-ல் மார்க் ட்வைன் வந்தபோது ரயிலில் ஏறிப்போய், திரும்பும்போது தண்டவாளத்தில் உருள்கிற ஒரு கைத்தள்ளு வண்டியில் இறங்கி வந்தார். அந்த மட்டில் அவர்தான் முதல் சுற்றுலாப் பயணி மனநிலைக்காரர். மற்றவர்களுக்கு இது போக்குவரத்து.

சாலையில் லாரி வந்ததும் நிலைமை தலைகீழாயிற்று. அதே பாதை, அதே சரிவு. ஆனால் ரப்பர் டயருக்குப் பிடி பல மடங்கு, வழியில் தண்ணீர் பிடிக்க நிற்கவும் வேண்டாம். 1947 பிரிவினையில் கல்கத்தா–சிலிகுரி ரயில் பாதை கிழக்குப் பாகிஸ்தானுக்குள் மாட்டிக்கொண்டது. டீஸ்டா பள்ளத்தாக்குக்குப் போன கிளைப் பாதையை 1950 வெள்ளம் அடித்துக்கொண்டு போயிற்று. திரும்பப் போடவே இல்லை. 1948-ல் அரசு வாங்கிய கம்பெனி, வாங்கிய நாளிலிருந்தே சரக்கைச் சாலையிடம் இழந்துகொண்டிருந்தது. இன்று ஜீப்பில் மூன்று மணி நேரத்துக்குச் சற்று அதிகம். ரயிலில் ஏழு மணி நேரத்துக்கு மேல். அவசர வேலையாகப் போகிற உள்ளூர்க்காரர் எதில் போவார் என்று சொல்ல வேண்டியதில்லை.

நெருக்கடியும் கூடியது. தண்டவாளம் சாலையை நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் குறுக்கே கடக்கிறது. பெரும்பாலான இடங்களில் கேட் கிடையாது, ஹாரன்தான் கேட். குர்சியாங் நிலையமே ஒரு முட்டுச்சந்து. மேலே போகிற ரயில் பின்வாங்கி, போக்குவரத்து நெரிகிற ஒரு நாற்சந்தியைக் கடந்துதான் திரும்ப ஏற முடியும். அதன் பிறகு கடைத்தெரு. காய்கறிக் கூடைக்கும் பெட்டியின் படிக்கும் நடுவே சில இடங்களில் ஒரு கை இடைவெளிதான். பயணிக்கு அது வேடிக்கை. அங்கே கடை வைத்திருப்பவருக்குத் தினப்படிச் சங்கடம்.

சாலைக்கு ஒன்று நேர்ந்தால் ரயிலுக்கும் அதே கதிதான். குர்சியாங்குக்குக் கீழே பாக்லாஜோரா என்று ஓர் இடம். பைத்தியக்கார ஓடை என்று அர்த்தம்; பேர் சும்மா வைக்கவில்லை. 2010-ல் அங்கே மலை சரிந்து சாலையும் பாதையும் சேர்ந்தே கீழே போயின. அடுத்த வருடம் நிலநடுக்கத்துக்குப் பின் திந்தாரியா பக்கமும் சரிந்தது. சமவெளியிலிருந்து டார்ஜிலிங் வரை முழுப் பாதையிலும் ரயில் மறுபடி ஓட 2015 டிசம்பர் வரை ஆயிற்று. சுரங்கமும் தனிப் பாதையும் இல்லாமல் மிச்சம் பிடித்த காசுக்கு இன்றுவரை தவணை கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும்.

1999-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஆஸ்திரியாவின் செம்மரிங் பாதைக்கு அடுத்தபடியாக அந்தப் பட்டியலில் ஏறிய இரண்டாவது ரயில் பாதை. 2005-ல் நீலகிரியும் 2008-ல் கால்கா–சிம்லாவும் பட்டியலில் இதோடு சேர்ந்தன. அந்தப் பட்டம் ரயிலை மூடவிடாமல் காப்பாற்றியது என்பதில் சந்தேகமில்லை. 2000-ல் டீசல் என்ஜின்கள் வந்தன. முழுத் தூரம் போகிற ரயிலை இப்போது டீசல்தான் இழுக்கிறது. நீராவி பெரும்பாலும் டார்ஜிலிங்கிலிருந்து கூம் போய்த் திரும்புகிற இரண்டு மணி நேர உல்லாசச் சவாரிக்கு. பாதையின் வருமானத்தில் சவாரிக்குப் பெரும் பங்கு. பதாசியாவில் பத்து நிமிடம் நிற்கும். நடுவே கூர்க்கா வீரர்களின் நினைவுத் தூண், வானம் திறந்திருந்தால் பின்னால் கஞ்சன்ஜங்கா. கூமில் அருங்காட்சியகம், டீ, திரும்பல்.

அந்தச் சவாரியைக் குறை சொல்ல மனம் வரவில்லை. மூடுபனியில் அந்த என்ஜின் சத்தத்தைக் கேட்டவர் சொல்ல மாட்டார். ஆனால் ஒரு விநோதம் இருக்கிறது. இந்த ரயிலுக்குப் பட்டம் வாங்கிக் கொடுத்த சாமர்த்தியத்தில் பாதிக்கு மேல் அந்தச் சவாரியில் கண்ணில் படாது. ஆறு ரிவர்ஸும் குர்சியாங்குக்குக் கீழேதான். அகனி பாயிண்ட் கீழே. சுன்பட்டி கீழே. பட்டறை இருக்கிற திந்தாரியா கீழே. சரிவு நிஜமாகவே என்ஜினைப் பரிசோதிக்கிற, மழையில் அடிக்கடி மூடிப்போகிற, பனிமலை எதுவும் தெரியாத கீழ்ப்பாதி அது. காடும் ஈரமும் தேயிலைத் தோட்டமும் மட்டும். சுற்றுலா நிறுவனங்களின் படத்தில் அது வருவதில்லை.

போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். மலை சரியாமல் இருக்கிற மாதமாகப் பார்த்து, நியூ ஜல்பைகுரியில் காலையில் கிளம்புகிற முழுத் தூர ரயிலில் ஏறுங்கள். முழு நாளும் போய்விடும். அது கட்டாது என்றால் குர்சியாங்கில் இறங்கி ஜீப் பிடித்துக்கொள்ளலாம். பார்க்க வேண்டியது அதற்குள் முடிந்திருக்கும். சுக்னா வரை சமவெளி, தூங்கினாலும் நஷ்டமில்லை. ரங்டாங் தாண்டி விழித்திருக்க வேண்டும். ரயில் ஒரு முட்டில் நின்று பின்னால் நகரத் தொடங்கும்போது, முதல் முறை வருகிறவர்கள் என்ஜின் பழுதோ என்று ஜன்னலில் எட்டிப் பார்ப்பார்கள். நீங்கள் கீழே பாருங்கள். ஐந்து நிமிடம் முன்பு கடந்த தண்டவாளம் மரங்களுக்கு நடுவே, ஒரு வீட்டு மாடி உயரத்துக்குக் கீழே தெரியும்.